கடலடியை வழித்தெடுக்கும் வலை: ‘ஓஷன்’ படம் காட்டுவதும் நம் கடலில் நடப்பதும்

பிரிட்டனின் இயற்கை ஆவணப்படக் கலைஞர் டேவிட் அட்டன்பரோவின் ‘ஓஷன்’ ஆவணப்படத்தில் இழுவலை கடலடியை வழித்துக்கொண்டு போகும் காட்சி உண்மையா, பார்ப்பவரை உலுக்குவதற்காக மிகைப்படுத்தப்பட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். படம் தீர்வாக முன்வைக்கும் மீன்பிடி தடைசெய்யப்பட்ட கடற்பகுதிகள் இந்தியாவுக்குப் பொருந்துமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. காட்சி உண்மை என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரோப்பியக் கடலில் பெருங்கப்பல்கள் இழுக்கும் அதே வகை வலையைப் பாக் நீரிணையில் இழுப்பவர்கள் கடன் வாங்கிப் படகு கட்டிய குடும்பங்களும், பிடிபட்டதில் பங்கு வாங்கும் கூலித் தொழிலாளர்களும்தான். அவர்களை விட்டுவிட்டு இந்தப் படத்தை நம் கடலுக்குப் பொருத்திப் பேச முடியாது.

படம் 2025 மே 8 அன்று, அட்டன்பரோவின் 99ஆவது பிறந்த நாளில், திரையரங்குகளில் வெளியானது. பிரான்சின் நீஸ் நகரில் ஐ.நா.வின் மூன்றாவது பெருங்கடல் மாநாடு ஜூன் 9 அன்று தொடங்குவதற்குச் சற்று முன்னதாக இணையத் திரைக்கும் வந்தது. மாநாட்டுக்கு வரும் அரசுகளின் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே திட்டமிடப்பட்ட படம் இது. கடலைப் பற்றிய முந்தைய பெரும் படங்கள் பெரும்பாலும் அழகைக் காட்டிவிட்டு, இறுதிப் பகுதியில் மட்டும் ஆபத்தைத் தொட்டுச் செல்லும். இதில் தொழில்முறை மீன்பிடிப்பு படத்தின் நடுவில் நிறுத்தப்பட்டிருக்கிறது. நீர்ப்பரப்பின் மேலிருந்து பார்த்தால் இழுவலைப் படகு அமைதியாக ஊர்ந்து செல்லும் ஒரு படகாக மட்டுமே தெரியும். கீழே என்ன நடக்கிறது என்பதை மீனவர்களேகூடக் கண்ணால் கண்டதில்லை. கேமராவை மீன்பிடிக் கருவியோடு சேர்த்து அடியில் இறக்கி, அதை இவ்வளவு தெளிவாகப் பொதுமக்கள் முன் வைத்ததே இந்தப் படத்தின் பெரிய பங்களிப்பு என்பது என் கருத்து.

அந்தக் காட்சியைப் புரிந்துகொள்ளக் கருவியின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். படகிலிருந்து இரண்டு கம்பி வடங்கள் இறங்கும். ஒவ்வொன்றின் முனையிலும் கனத்த பலகை ஒன்று கட்டப்பட்டிருக்கும். படகு முன்னேறும்போது நீரின் எதிர்ப்பு இந்தப் பலகைகளை வெளிப்புறமாகத் தள்ளுவதால் வலையின் வாய் அகலமாகத் திறந்து நிற்கிறது. வாயின் மேல்விளிம்பில் மிதவைகள் இருக்கும். கீழ்விளிம்பில் சங்கிலியோ எடைகட்டிய கயிறோ இருந்து தரையை ஒட்டி உரசிக்கொண்டே வரும். பலகைகள் கிளப்பும் சேற்றுப் புகையையும் அதிரும் கம்பிகளையும் கண்டு மிரளும் மீன்கள் வலையின் நடுப்பகுதியை நோக்கி ஒதுங்குகின்றன. அங்கே வாய்க்கு முன்னால் சிறிது நேரம் அதே வேகத்தில் நீந்திப் பார்க்கின்றன. களைத்ததும் பின்னால் சரிந்து, வலை குறுகி முடியும் மடிக்குள் போய்ச் சேர்கின்றன. படத்தில் நம்மைக் கலங்க வைப்பது பெரும்பாலும் இந்தச் சில நொடி ஓட்டம்தான். உயிரியல் பார்வையில் அதைவிட முக்கியமானது சங்கிலி கடந்துபோன பிறகு தெரியும் தரை. கடற்பஞ்சுகள், மென்பவளங்கள், புழுக்கள் கட்டிய குழாய்கள், சிப்பிப் படுகைகள் என்று தரையிலிருந்து எழுந்து நின்ற எல்லாமே மீன்குஞ்சுகளுக்கு ஒளிவிடமும் இரையிடமும் ஆகும். அவை படுத்துவிட்டால், அடுத்த தலைமுறை மீன்கள் வளர வேண்டிய இடமும் அவற்றோடு போய்விடுகிறது.

இதற்கு எதிரான குரல் புதியதல்ல. 1376ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் காலத்தில், கடலடியை இழுத்துச் செல்லும் ஒரு வலை தரையில் வளரும் தாவரங்களையும் சிப்பிகளையும் அழிக்கிறது, அதைத் தடைசெய்ய வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் மனு கொடுக்கப்பட்டிருக்கிறது. அன்று பாய்மரமும் ஆள்பலமும் இழுத்ததை இன்று பல நூறு குதிரைத்திறன் இயந்திரங்கள் இழுக்கின்றன.

அறிவியல் அளவீடுகள் படத்தை எந்த அளவுக்கு ஆதரிக்கின்றன? உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஒரு விரிவான பகுப்பாய்வின்படி, பலகை வைத்த இழுவலை ஒருமுறை கடந்து சென்றால் கடலடி உயிர்ப்பொருளில் (அங்கே வாழும் உயிர்களின் மொத்த எடையில்) சுமார் 6% அழிகிறது; நீரைப் பீய்ச்சித் தரையைக் கிளறும் சிப்பி வாரிக் கருவிகளால் 41% வரை அழிகிறது. பாதியாகக் குறைந்த உயிர்ப்பொருள் ஏறத்தாழ முழு நிலைக்குத் திரும்ப, இடத்தையும் கருவியையும் பொறுத்து, 1.9 முதல் 6.4 ஆண்டுகள் ஆகின்றன. 6% என்பது சிறிய எண் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். ஒரே தரையில் ஆண்டுக்கு ஒருமுறை வலை போனால் அது சிறியதுதான். அதே தடத்தில் வாரத்துக்கு மூன்று நாள் நூற்றுக்கணக்கான படகுகள் போகும் இடத்தில், மீள்வதற்குத் தேவையான ஆண்டுகள் ஒருபோதும் கிடைப்பதில்லை. மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018இல் வெளியான ஓர் ஆய்வு உலகின் 24 கடற்பகுதிகளில் 1000 மீட்டர் ஆழம் வரையிலான தரையைக் கணக்கிட்டபோது, சராசரியாக 14% மட்டுமே இழுவலைக்கு உள்ளாகியிருந்தது. ஆனால் ஐரோப்பாவின் சில கடல்களில் அது பாதிக்கும் மேல். ஆகவே, உலகக் கடலடி முழுவதும் உழப்பட்டுவிட்டது என்று யாராவது படத்தைப் பார்த்து எண்ணினால் அது தவறு. கரையை ஒட்டிய, ஆழம் குறைந்த, மீன் மிகுந்த பகுதிகளில் அழிவு குவிந்து கிடக்கிறது என்பதே சரியான சித்திரம். நம் பாக் நீரிணை அத்தகைய இடம்தான்.

படம் அவசரப்பட்டுக் கடந்து செல்வதாக எனக்குத் தோன்றும் ஓர் இடம் உண்டு. இழுவலை கிளறும் சேற்றிலிருந்து வெளிப்படும் கார்பனைப் பற்றிய பேச்சு அது. 2021இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, இவ்வாறு கடல்நீரில் கலக்கும் கார்பன் டையாக்சைடு ஆண்டுக்குச் சுமார் 147 கோடி டன் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த மதிப்பீடு மிக அதிகம் என்று வேறு கடலியல் அறிஞர்கள் 2023இல் விரிவாக மறுத்தார்கள். சேற்றில் நெடுங்காலமாகத் தங்கியிருக்கும் கார்பனில் பெரும்பகுதி எளிதில் சிதையாத வகை என்பதும், கிளறாமல் விட்டாலும் ஒரு பகுதி சிதையத்தான் போகிறது என்பதும் அவர்கள் வாதம். 2024இல் வந்த வேறோர் ஆய்வு, நீரில் கலப்பதில் 55 முதல் 60% வரை பத்தாண்டுக்குள் வளிமண்டலத்தை அடைகிறது என்றது. சேற்றைக் கிளறுவதால் கார்பன் வெளியாகிறது என்பது உறுதி. எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை. இழுவலைக்கு எதிராகப் பேசக் கடலடி உயிர்களின் அழிவே போதுமான சான்று. சர்ச்சையில் இருக்கும் எண்ணை முன்னால் வைத்தால், அந்த எண் விழும்போது உண்மையான சான்றும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

மீட்சியைப் பற்றிப் படம் சொல்வது அறிவியலில் உறுதியாக நிற்கிறது. மீனைப் பிடிக்காமல் விட்டால் எண்ணிக்கை பெருகுவதோடு, மீன்கள் மூத்துப் பெரிதாகின்றன. பெரிய தாய்மீன் இடும் முட்டைகள் உடல் எடைக்கு நேர்விகிதத்தைத் தாண்டிப் பல மடங்கு கூடுகின்றன. 30 கிலோ எடையுள்ள ஒரே காட் மீன் இடும் முட்டைகளுக்கு, 2 கிலோ மீன்கள் 28 சேர்ந்தாலும் ஈடாகாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியில் வாழும் இத்தகைய தாய்மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தோடு வெளியே பரவி, எல்லைக்கு அப்பால் இருக்கும் மீனவரின் வலைக்கு வருகின்றன. மெக்சிகோவின் காபோ புல்மோவில் 1995இல் தேசியப் பூங்கா அமைந்தது. உள்ளூர் மீனவக் குடும்பங்களே முன்னின்று மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். 1999க்கும் 2009க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 463% கூடியது. ஹவாய்த் தீவுகளின் வடமேற்கே 2006இல் அமைக்கப்பட்டு 2016இல் சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்ட பாப்பஹானாவ்மோகுவாகேயா, உலகின் மிகப் பெரிய பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளில் ஒன்று. விரிவாக்கத்துக்குப் பிறகு அதன் எல்லையை ஒட்டி வெளியே மஞ்சள் துடுப்புச் சூரையின் பிடிப்பு விகிதம் 54% கூடியதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. நெடுந்தூரம் நீந்தித் திரியும் சூரைக்கு எல்லை வகுத்து என்ன பயன் என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது முக்கியமான பதில். அளவு பெரிதாக இருந்தால்தான் பலன் என்றும் இல்லை. ஸ்காட்லாந்தின் ஆரன் தீவில் உள்ளூர் மக்கள் 1995 முதல் போராடி 2008இல் பெற்ற லாம்லாஷ் விரிகுடாவின் தடைப்பகுதி மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே சிப்பிகளும் சிங்கிறால்களும் பெருகியது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. வலையைத் தடுக்கும் எல்லைக்கோட்டால் கடல்நீரின் வெப்பத்தைத் தடுக்க முடியாது. 2023இல் தொடங்கிய நான்காவது உலகளாவிய பவள வெளிறல் (கடல் சூடாவதால் பவளங்கள் நிறமிழந்து நலிவது) உலகின் பவளப்பாறைப் பரப்பில் 84%ஐத் தொட்டது. நன்றாகப் பாதுகாக்கப்பட்ட பாறைகளும் அதில் அடக்கம். மீன்கள் நிறைந்த பாறை வெளிறலுக்குப் பின் விரைவாகத் தேற வாய்ப்பு அதிகம் என்பது ஆறுதலே தவிர, மாற்று அல்ல. மற்றொன்று, காகிதத்தில் மட்டும் இருக்கும் பாதுகாப்பு. 2030க்குள் கடலில் 30%ஐப் பாதுகாப்பது என்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. படம் வெளியான நேரத்தில் பெயரளவில் பாதுகாக்கப்பட்டிருந்தது சுமார் 8%. மீன்பிடிப்பு உண்மையிலேயே தடுக்கப்பட்டிருந்தது 3%க்கும் குறைவு. பிரிட்டனின் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளில் பெரும்பாலானவற்றில் இழுவலை சட்டப்படியே அனுமதிக்கப்பட்டிருந்ததைப் படம் அம்பலப்படுத்துகிறது. மேலும் 41 பகுதிகளுக்குத் தடையை விரிவாக்கும் முன்மொழிவை நீஸ் மாநாட்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு அறிவித்ததில் இந்தப் படத்துக்கும் ஒரு பங்கு இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இனி நம் கடல். இந்தியாவில் இழுவலை பரவியது வளர்ச்சித் திட்டமாகத்தான். 1952இல் ஐ.நா., நார்வே, இந்தியா ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய திட்டம் இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்தியது. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்ததும் அரசு மானியங்கள் இழுவலைப் படகுகளின் பக்கம் சாய்ந்தன. 1960களின் இறுதிக்குள் அவை பாக் நீரிணைக்கும் வந்துவிட்டன. இந்த வரலாற்றை நினைவில் வைப்பது நியாயமானது. இன்று குற்றவாளியாகப் பார்க்கப்படும் விசைப்படகு உரிமையாளரின் தந்தையை அந்தத் தொழிலுக்கு அழைத்து வந்ததே அரசுதான்.

விளைவுகளை உணர்ந்து சட்டங்களும் வந்தன. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து முதல் 3 கடல் மைல்களை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி தடைசெய்யப்பட்டது. கிழக்குக் கரையில் 2001இல் 45 நாள்களாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. தடைக்காலத்தால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆறு ஆண்டுகள் கேட்கும் கடலடிக்கு இரண்டு மாதம் கொடுக்கிறோம், அது முடிந்த மறுநாளே மொத்தப் படகுகளும் ஒரே நேரத்தில் இறங்குகின்றன.

இராமேசுவரம் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரை திரும்பும் காலையில் இதன் கணக்கைக் கண்ணால் பார்க்கலாம். இறால், நண்டு, கணவாய், நல்ல மீன் ஆகியவை தனித்தனிக் கூடைகளுக்குப் போன பிறகு தளத்தில் மிஞ்சும் குவியலைச் சங்காயம் என்பார்கள். விரல் நீளம்கூட வளராத காரல், சங்கரா போன்றவற்றின் குஞ்சுகள், கால் உடைந்த சிறு நண்டுகள், சிப்பிகள், நட்சத்திர மீன்கள், வேரோடு வந்த கடல்தாழை என்னும் கடற்புல் எல்லாம் சேறோடு பிசைந்து கிடக்கும். ஐரோப்பிய இழுவலைப் படகுகள் தேவையற்றதைக் கடலில் கொட்டிவிடுவதைப் பற்றிப் படம் பேசுகிறது. இங்கே நிலைமை வேறு. இந்தக் குவியல் கிலோக் கணக்கில் விலைபோய், லாரியில் ஏறி, மீன்தூளாகவும் கோழித் தீவனமாகவும் ஆகிறது. வீணாகவில்லையே என்று தோன்றலாம். உண்மையில் இது மேலும் கேடானது. குஞ்சு மீனுக்குச் சந்தை இருக்கும்வரை, அதைப் பிடிக்காத வலையைப் பயன்படுத்துவதற்கு எவருக்கும் பொருளாதாரக் காரணம் இருக்காது. நல்ல மீன் குறையக் குறைய, டீசல் செலவை ஈடுகட்டுவதே சங்காயம்தான் என்ற நிலைக்குப் பல படகுகள் வந்துவிட்டன.

நீரிணையின் மறுகரையில் இருப்பவர்களும் தமிழ் மீனவர்களே. போர் முடிந்த 2009க்குப் பிறகு யாழ்ப்பாணம், மன்னார் மக்கள் கடலுக்குத் திரும்பியபோது, அவர்கள் இரவில் விரித்த வலைகளை இந்தியப் படகுகளின் இழுவைமடி, அதாவது இழுவலை, அறுத்துச் சென்றது. இலங்கை 2017இல் சட்டத் திருத்தம் மூலம் இழுவைமடித் தொழிலைத் தன் கடலில் முற்றிலும் தடைசெய்தது. நம் ஊடகங்களில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எல்லை, கைது, கச்சத்தீவு என்ற சொற்களுக்குள் முடிந்துவிடுகிறது. நம் பக்கத்துக் கடலடி வெறுமையாகிவிட்டதால்தான் படகுகள் எல்லை தாண்டுகின்றன என்பதை உரக்கச் சொல்பவர்கள் குறைவு. கைதாகிச் சிறையில் வாடுபவர்களும் பெரும்பாலும் கூலிக்குச் சென்ற தொழிலாளர்களே என்பதால், அந்த வேதனையைக் குறைத்துப் பேசவும் எனக்கு மனமில்லை.

எனவே தடைப்பகுதி இங்கே பொருந்துமா என்ற கேள்விக்கு என் பதில் இது: பொருந்தும், ஆனால் வலையைக் கைவிடுபவருக்கு வாழ்வாதாரம் கொடுத்தால் மட்டுமே நிலைக்கும். ஹாங்காங் தன் கடலில் 2012 டிசம்பர் 31 முதல் இழுவலையை முழுவதுமாகத் தடைசெய்தபோது, சுமார் 170 கோடி ஹாங்காங் டாலரை ஒதுக்கிப் பாதிக்கப்பட்டோருக்கு உதவித்தொகை வழங்கியது. விற்க முன்வந்தோரின் படகுகளை வாங்கிக்கொண்டது. படகுத் தொழிலாளர்களுக்கும் உதவி ஒதுக்கியது. சில ஆண்டுகளிலேயே கடலடி உயிர்களில் மீட்சி தென்படத் தொடங்கியதை ஆய்வுகள் பதிவு செய்தன. நம் நாட்டிலும் 2017இல் பாக் நீரிணையின் 2000 இழுவலைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, அதில் 70% மானியம் அறிவிக்கப்பட்டது. ஆயினும் இலக்கில் மிகச் சிறிய பகுதியே நிறைவேறியது. எஞ்சிய பணத்துக்கான கடன் ஒரு தடை. ஓர் இரவு போய்த் திரும்பிப் பழகியவர்கள் பல நாள் ஆழ்கடலில் தங்க வேண்டியிருந்தது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டம் உரிமையாளருக்கு மட்டும் வழி காட்டியது. கூலித் தொழிலாளிக்கு என்ன என்பதற்கு அதில் தெளிவான பதில் இல்லை. ஒரு கையால் மாற்றுப் படகுக்கு மானியமும் மறு கையால் பழைய விசைப்படகுக்கு வரிவிலக்கு டீசலும் கொடுக்கும் வரை இது நகரப் போவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நம்பிக்கை தரும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. நெடுங்காலம் நடந்த பவளப்பாறை வெட்டலால் அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வெட்டுவது நின்ற பிறகு மற்ற தீவுகளின் பாறைகள் ஓரளவு தேறத் தொடங்கின. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கான இந்தியாவின் முதல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியா கடல்தாழையை மேய்ந்து வாழும் விலங்கு; தாழைப் படுகையோ ஆழம் குறைந்த, ஒளி எட்டும் தரையில் மட்டுமே வளர்வது; அந்தத் தரையில்தான் இழுவலையும் வர விரும்புகிறது. இந்தக் காப்பகத்தில் மீனவர்களின் வழக்கமான தொழிலுக்குப் புதிய தடை எதுவும் விதிக்கப்படவில்லை. உள்ளூர் மக்களின் நம்பிக்கையைப் பெற அது தேவைப்பட்டிருக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் கரையோர 3 கடல் மைல்களுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்ற பழைய விதி அந்தப் பரப்பிலாவது நாள்தோறும் கண்காணிக்கப்பட வேண்டும். படகுகளின் இருப்பிடத்தைக் காட்டும் கருவிகள் இப்போது இருக்கின்றன; அவற்றின் பதிவுகளை மீன்வளத்துறை நாட்டுப்படகு மீனவர் சங்கங்களோடு பகிர்ந்துகொண்டால், எல்லையைக் காப்பதற்கு அவர்களைவிட அக்கறையான காவலர்கள் கிடைக்க மாட்டார்கள். படத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியக் கரையில் சிறு படகோட்டிகள் பேசும் பகுதியை மறுபடி ஒருமுறை பாருங்கள். பெரிய இழுவலைக் கப்பல்களால் தங்கள் பிடிப்பு குறைந்துவருகிறது என்று அவர்கள் சொல்வதை, இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்து நாட்டுப்படகு மீனவர்களும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.